புளியந்தடிக்குள் சிள்வண்டு

ஜூலை 9, செவ்வாய்

என் மர மில்லுக்கு ரம்பப் பிளேடு விற்கிறவன் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. எந்த மரம், எத்தனை அடி என்று எழுதுவதோடு சரி. போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு மாதிரி சோர்வாக இருக்கிறது, பேசப் பிடிக்கவில்லை. எழுதினாலாவது மனசு லேசாகிறதா பார்ப்போம்.

சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரம் இன்று வந்து இறங்கியது. ஏலத்தில் எடுத்தது. குற்றால ரோட்டில் புதிதாக ரிசார்ட் கட்டுகிறவர்கள் சாப்பாட்டு மேஜைக்குப் புளியம்பலகைதான் வேண்டும் என்கிறார்கள். அடித்தடி மட்டும் ரெண்டு ஆள் கட்டிப் பிடித்தாலும் எட்டாது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

ஆனால் உடம்பெல்லாம் ஆணி. சுமை தூக்கும் கருத்தபாண்டி அண்ணன் கிட்டவே வரமாட்டேன் என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளி நின்றுவிட்டார். "இது பேய் இறக்குத மரம் மொதலாளி. நா தொட மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் தெரிந்த விஷயம்தான். பேய் பிடித்த ஆளின் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி, முடிந்து, ஆணியோடு சேர்த்து மரத்தில் அடித்துவிடுவார்கள். பேய் மரத்தோடு இருந்துவிடும். ஆள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். ஆணியைப் பிடுங்கினால் பேய் வெளியே வந்து, பிடுங்கினவனையே பிடிக்குமாம்.

ஆணியென்றால் எனக்கும் பயம் உண்டு. அது வேறு பயம். பேண்ட்சா, அதாவது ரெண்டு சக்கரத்தில் சுற்றுகிற பட்டை ரம்பம், ஓடும்போது பிளேடு ஆணியில் பட்டால் முதலில் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியே தடியை ஏற்றித் தள்ளுகிற டிராலியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். இழுக்கவில்லையா, பிளேடு அறுந்து பின்பக்கம் சாட்டை மாதிரிப் பாயும். பின்பக்கம் நின்று பலகை பிடிக்கிறவன் பேச்சிமுத்து, என் மச்சினன். அவன் பெண்டாட்டிக்கு ஆவணியில் பிரசவம். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் டிராலி பக்கம் நிற்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூடத் தவறவிட்டதில்லை.

ஜூலை 10, புதன்

காலையிலிருந்து ஆணி பிடுங்கினேன். யாரும் கைகொடுக்கவில்லை. பேச்சிமுத்து மட்டும் கடப்பாரையை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் நின்றுகொண்டான்.

"வாங்கம்மா வாங்க, வரிசையா வெளிய வாங்க. இது இலவச பஸ்ஸு," என்று ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பேச்சு. பேச்சிமுத்து சிரித்தான். கருத்தபாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. என் பெண்டாட்டி வடிவு வீட்டு வாசலில் நின்று, "போதும் வாய அடக்குங்க! ஒமக்கு எதுலதான் வெளையாட்டுன்னு இல்லையா?" என்று சத்தம் போட்டாள். வீடு மில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் நான் மூச்சுவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே புதைந்ததையும் விடவில்லை. புளியில் இரும்பு இருந்தால் சுற்றிலும் மை கொட்டினது போல் கறுப்பு ஓடும். கறுப்பைப் பார்த்துத் தோண்டினால் ஆணி.

கடைசியாக வந்தது சாண் நீளம். பழைய காலத்துக் கொல்லன் ஆணி. கழுத்தில் முடி சுற்றியிருந்தது, நரையே இல்லாத கறுகறு முடி. அதை இழுத்ததும் ஒரு சத்தம் வந்தது. ஆணி வந்தபிறகும் நிற்கவில்லை. மெல்லிசாக, சிள்வண்டு கத்துகிற மாதிரி, விடாமல்.

எல்லா ஆணியையும் கிரீஸ் டப்பாவில் போட்டு வைத்தேன். சிள்வண்டு இன்னும் கத்துகிறது.

ஜூலை 12, வெள்ளி

சாப்பிடும்போதும் கேட்கிறது. பேச்சிமுத்துவிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன், இந்தச் சனியன் எந்தப் பொந்தில் இருக்கிறது, தேடிப் பிடி என்று.

"சாரல்ல ஏது அத்தான் சிள்வண்டு? ஒண்ணுங் கேக்கலையே."

"சும்மா கேட்டேன்," என்றேன். தடிப் பக்கம் போனால் கூடுகிறதா என்று பார்த்தேன். கூடுகிற மாதிரித்தான் இருந்தது. வெட்டிப் போட்ட மரத்துக்குள் என்ன கத்தும்?

ஜூலை 14, ஞாயிறு

மில் லீவு. டிவியும் கெட்டுவிட்டது, சத்தத்தை முழுசாக வைத்தாலும் முனகுகிறது. வடிவு வந்து பிடுங்கி அணைத்தாள். "ஊரே எந்திரிச்சு வந்துரும்" என்கிறாள். இவள் வாயும் இப்போதெல்லாம் முனகல்தான். வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிறாள்.

ஜூலை 16, செவ்வாய்

புதுப் பிளேடு மாட்டி தேக்கு ஓட்டினோம். அருமையான பிளேடு. சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. "பாத்தியாடா, கம்பெனிச் சரக்கு! மூச்சுக் காட்டுதா பாரு," என்றேன். பேச்சிமுத்து என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு குனிந்து தூளை அள்ளப் போய்விட்டான். அவன் இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது. வழக்கமாக வைப்பதுதான், இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று.

வடிவு முன்னால் வந்து நின்றுகொண்டு அழுதாள். திடுக்கிட்டுப் போனேன். எப்போது வந்தாள்?

"நா எத்தன தடவ கூப்பிடுதது? அந்தத் தடியவே பாத்துக்கிட்டு அப்படியே நிக்கிய. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிய. நா அழுதா நீங்க சிரிக்கிய. என்னாச்சு ஒமக்கு?"

"யோசனையில இருந்தேன்ட்டி," என்றேன்.

"ஆடி முடியட்டும். அதுவரைக்கும் அந்தத் தடியத் தொடப்படாது. என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

சொன்னேன். நிஜத்தைச் சொன்னால், தொடாமல் இருக்க எனக்கும் சந்தோஷம்தான். முந்தாநாள் வரை நையாண்டி பண்ணினவன் இப்போது அதை விட்டுத் தள்ளிச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன். இதை எந்த வாயால் யாரிடம் சொல்வேன்? கருத்தபாண்டி அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஜூலை 19, வெள்ளி

இன்று நடந்ததை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காக்கா வந்து புளியந்தடி மேல் உட்கார்ந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. கழுத்தைச் சிலிர்த்து, உடம்பைக் குலுக்கி, காக்கா கத்துவதுபோலவே செய்தது. சத்தம் இல்லை. திரும்பவும் வாயைத் திறந்தது. உள்ளே நாக்கு தெரிகிறது. சத்தம் இல்லை. சிள்வண்டு மட்டும் கத்திக்கொண்டே இருக்கிறது.

டம்ளரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். டம்ளர் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அணில் சத்தம் கேட்டும் நாளாகிவிட்டது. அந்த ஆணியைப் பிடுங்கினதிலிருந்து இந்த மில்லைச் சுற்றி எல்லாவற்றின் வாயையும் எதுவோ கட்டிப்போட்டுவிட்டது. ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வருகிறது.

பயமாக இருக்கிறது. இதை எழுதவாவது செய்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

வடிவும் கருத்தபாண்டி அண்ணனும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். பிறகு அவள் என் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

அந்தச் சாண் ஆணியைக் காணோம்.

டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். மற்றதெல்லாம் இருக்கிறது. அது மட்டும் இல்லை. யாரடா எடுத்தது என்று கேட்டால் பேச்சிமுத்து கையை விரிக்கிறான், கருத்தபாண்டி அண்ணன் வானத்தைப் பார்க்கிறார். பேய் ஆணியை எவன் தொடுவான்? யாரும் எடுக்காமல் ஆணி எங்கே போகும்? தானாக நடந்தா போகும்?

தடி மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. களிமண் வேறு அங்கங்கே அப்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆயிற்றே, கருத்தபாண்டி அண்ணன் வேலையாகத்தான் இருக்கும். நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. முன்பென்றால் கோடாலிப் பிடரியால் தட்டித் தட்டிப் பார்ப்பேன், கட்டை பதில் சொல்லும். போன வாரம் தட்டினேன். கட்டை ஊமையாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

வடிவின் கட்டைவிரல் நகம் கன்றிப்போய்க் கறுத்திருக்கிறது. அம்மியில் நசுங்கிவிட்டதாம். வீட்டில் மிக்ஸி இருக்கும்போது அம்மி எதற்கு என்று கேட்க நினைத்தேன். அவள் முகம் சரியில்லை, கேட்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

ரிசார்ட் மேனேஜர் போன் பண்ணினான். லைன் சுத்தமாகச் சரியில்லை, பேச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டேன். பலகையை உடனே தராவிட்டால் கேரளாவில் வாங்கிக்கொள்கிறானாம். பேச்சிமுத்து இதை என் முகத்துக்கு நேரே நின்று, உதட்டை நன்றாக அசைத்து, ரெண்டு தடவை சொன்னான். நான் என்ன பச்சைப்பிள்ளையா?

அறுத்துவிட வேண்டியதுதான். மேனேஜருக்காக இல்லை. அந்தத் தடி முழுசாகக் கிடக்கும்வரை அதற்குள் இருப்பது என்னை விடாது. துண்டு துண்டாக்கி, லாரியில் ஏற்றி, குற்றாலத்துக்கு அனுப்பிவிட்டால் போதும். அங்கே பணக்காரர்கள் அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிடட்டும், அதுவும் அவர்களோடு போகட்டும். நாளை ஆடி வெள்ளி. வடிவு கோயிலுக்குப் போய்விட்டு வர மத்தியானம் ஆகும்.

ஜூலை 27, சனி

நேற்று எழுத முடியவில்லை.

வடிவு கிளம்பினதும் தடியை டிராலியில் ஏற்றினோம். கருத்தபாண்டி அண்ணன் ஏற்றிவிட்டு வெளியே போனவர் திரும்பவில்லை. பேச்சிமுத்து தயங்கினான். என் கையைப் பிடித்து, "அத்தான், அக்கா வந்துரட்டும்" என்கிறான் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது. "ஒங்க அக்காகிட்ட நாம் பேசிக்கிடுதேன். போய் நில்லுல," என்றேன். போய் நின்றான், எப்போதும் நிற்கிற இடத்தில்.

எந்தத் தடியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நான் பிளேடில் விட்டதே இல்லை. நேற்று பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நானே பிடுங்கின மரம்தானே, ஆணி ஏது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

முதல் பலகை நல்லபடியாக வந்தது. உள்ளே சிவப்பும் கறுப்புமாக அத்தனை அழகு. இரண்டாவதற்குத் தள்ளினேன். பிளேடு வெண்ணெய் மாதிரி ஓடியது. சிள்வண்டு கத்தியது. நான் அறுக்கப் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டு தள்ளினேன்.

திடீரென்று பொறி பறந்தது. இரும்பு கருகுகிற நாற்றம் அடித்தது. என்னடா இது என்று நிமிர்ந்தேன். பேச்சிமுத்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான், வாய் ஆவென்று திறந்திருந்தது. அவனுக்குப் பின்னால் வாசலில் வடிவு. கோயில் தட்டு கீழே கிடக்கிறது, தேங்காய் உருண்டு ஓடுகிறது. அவள் வாயும் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் அவள் பக்கம் திரும்பி ஓர் எட்டு வைத்தான்.

சத்தமே இல்லை. அன்றைக்கு அந்தக் காக்கா திறந்த மாதிரியே இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

பிளேடு அறுந்தது. அது அறுந்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. நீளமாக ஏதோ மின்னியது, அவ்வளவுதான். பேச்சிமுத்து நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவர் குறுக்காகப் பிளந்து கிடந்தது. அவன் கீழே கிடந்தான். முழங்கைக்குக் கீழே சதை திறந்து ரத்தம். அந்த ஓர் எட்டு வைக்காமல் இருந்திருந்தால் சுவர் பிளந்த உயரத்தில் அவன் இடுப்பு இருந்திருக்கும்.

நான் அவனிடம் ஓடவில்லை. மோட்டாரை நிறுத்துகிற பட்டனை அமுக்கவும் இல்லை. அறுந்த பிளேடு கிடக்க, மேல் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை பெரிய சக்கரம், எத்தனை வேகம். சுற்றுகிறது, சத்தமில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காக்காவின் வாயை யாரும் கட்டவில்லை. டிவி கெடவில்லை. பிளேடு நல்ல பிளேடும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பிழைத்தான். கை அசைகிறது. அவன் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதை நான் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று காலை வடிவு மில்லில் அந்தத் தடியருகே என்னை நிறுத்திவைத்து ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். உதடு வேகமாக ஓடியது. எனக்குப் பிடிபடவில்லை.

"வடிவு, எனக்குக் காது கேக்கலட்டி," என்றேன்.

நிறுத்திவிட்டாள். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை, அதனால் சரியாகத்தான் சொன்னேனா என்று தெரியாமல் திரும்பவும் சொன்னேன். ரொம்ப நாளாவே கேக்கல.

அவள் மரத்தில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்தாள். அறுத்த முதல் பலகையில் எழுதினாள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவாள்.

ஆணிய நாந்தான் திரும்ப அடிச்சேன். அதே ஓட்டைல. மண்ணு வச்சு மூடுனேன். ஒங்களப் பேய் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.

அதன் கீழே இடமில்லாமல் ஓரத்தில் எழுதினாள்: எந்தம்பியக் கொன்னுருப்பேன்.

அந்தச் சாக்குக்கட்டியை நான் வாங்கவில்லை. வாயாலேயே சொன்னேன், நானும் பேய் என்றுதான் நினைத்தேன் என்று. சிள்வண்டு, காக்கா, காணாமல் போன ஆணி, எல்லாம் சொன்னேன். அவள் கன்றிப்போன கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தேன். சம்மட்டி பிடிக்கத் தெரியாதவள் சாண் ஆணியை முழுக்க இறக்கியிருக்கிறாள். எத்தனை பயம் இருந்தால் அந்தப் பலம் வரும்! ஒரே பேய்க்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்து, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம், கூறுகெட்ட ஜென்மங்கள்.

எப்படிடி வந்தாய் என்று கேட்டேன். கோயிலிலிருந்து திரும்புகையில் தெருமுனையிலேயே புளி அறுபடுகிற சத்தம் கேட்டது என்று எழுதிக் காட்டினாள். தேக்குக்கு ஒரு சத்தம், வேம்புக்கு ஒரு சத்தம், புளிக்கு வேறு சத்தம். இத்தனை வருஷம் அடுப்படியில் நின்று கேட்டவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

தென்காசியில் காது டாக்டர். கண்ணாடி ரூமுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். கை தூக்குவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது, வாருங்கள் என்று சைகை காட்டினார்கள்.

மில் சத்தம் வருஷக்கணக்காகத் தின்றதாம், காய்ச்சல் மிச்சத்தை முடித்ததாம். மெஷின் வைத்தால் வலது காதில் கொஞ்சம் கேட்குமாம். அந்தச் சிள்வண்டு? அது காதுக்குள்ளேயேதான் இருக்கிறதாம். போகுமா என்று கேட்டேன். டாக்டர் பேப்பரில் எழுதாமல் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

பஸ்ஸில் வரும்போது, அது பேயாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பேயென்றால் ஓட்டிவிடலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பேச்சிமுத்துவைப் பார்க்கப் போனேன். புது மெஷின் மாட்டிய என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினான். "எனக்கு அந்தப் புதுப் பிளேடு மாட்டுன அன்னைக்கே சந்தேகம் அத்தான். ஒங்ககிட்ட போயி எப்படிக் கேக்கது?"

சந்தேகம் இருந்தும் அந்த இடத்தில் நின்றிருக்கிறான். ஏன்ல நின்னே என்று கேட்டேன். வெட்கப்பட்டான். "நீங்க நில்லுன்னிய," என்றான்.



ஆகஸ்ட் 23, வெள்ளி

ஆவணி பிறந்து ஒரு வாரம். பேச்சிமுத்துவுக்குப் பெண் பிள்ளை. தையல் பிரித்தாயிற்று, கை தேறிவிட்டது.

இன்று மில் ஓடியது. டிராலி பக்கம் இனி அவன். எல்லாத் தடியையும் வடிவு சுற்றிவந்து தடவிப் பார்த்த பிறகுதான் ஏற்றுவது. புளியந்தடி மிச்சம் இன்னும் ஓரமாகக் கிடக்கிறது. அந்த ஆணி பிளேடில் பாதி தேய்ந்து உள்ளேயே இருக்கிறது. அதைப் பிடுங்கலாமா என்று கேட்டால் வடிவு மட்டுமில்லை, நானும் யோசிக்கிறேன்.

பின்னால் நின்று பலகை பிடிப்பது இனி நான். பேச்சிமுத்து நின்ற அதே இடம். சுவரில் அந்தப் பிளவு அப்படியே இருக்கிறது, நின்று பார்த்தேன், என் இடுப்புக்கும் அதே உயரம்தான். மில் சத்தத்தில் காது மெஷின் உதவாது, கிரீச் என்று கேட்டால் விலக எனக்குக் காது இல்லை. அதனால் வடிவு என் பின்னால் ஒதுங்கி நின்று சட்டையைப் பிடித்துக்கொள்வது என்று பேச்சு. அவள் இழுத்தால் நான் ஏன் எதற்கு என்று கேட்காமல் பின்னால் பாய்ந்துவிட வேண்டும்.

வேப்பந்தடி ஏறியது. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பேச்சிமுத்து என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பிளேடு மரத்தைத் தொட்ட அதே நொடி சட்டை விருட்டென்று பின்னால் இழுபட்டது. பாய்ந்தேன். இரண்டு பேரும் தூளில் போய் விழுந்தோம்.

எழுந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. பிளேடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து டிராலியை நிறுத்திவிட்டு முழிக்கிறான்.

"என்னட்டி? என்ன கேட்டுச்சு?" என்றேன்.

அவள் தலையெல்லாம் தூள். என் சட்டையை இன்னும் விடவில்லை. வாயை நன்றாகத் திறந்து, நான் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாகச் சொன்னாள்.

ஒண்ணுங் கேக்கல. பயந்துட்டேன்.

ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. எழுந்துபோய் மறுபடி அந்த இடத்தில் நின்றேன்.